எல்லோருக்கும் லீவு

மழலையர் வகுப்பில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியான அனுபவங்களைப் புதிதாக டீச்சர் வேலைக்குப் போகும் உங்களிடம் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளோடு முப்பத்தோரு வருடம் பாயில் உட்கார்ந்திருந்தவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்? மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதமே அது உங்களுக்கும் கிடைத்துவிடும், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. களிமண்ணில் யானை செய்ய வைப்பது எப்படி, பொங்கலுக்கு எந்தப் பாட்டு, நவம்பரில் என்ன விழா என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். இந்தக் கதையில் நான் நல்லவளாக வரமாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. பயிற்சி முடித்த கையோடு எடப்பாடிப் பக்கம் ஒரு நெசவாளர் ஊரில் வேலை கிடைத்தது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த சின்ன பாலர் பள்ளி அது. ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு அடுக்களை, கம்பி கேட்டு. தலைமையாசிரியை ஒருவர், நான், சமையலுக்கும் பிள்ளைகளைக் கழுவிவிடுவதற்கும் ஒரு ஆயா. ஊரில் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அரசு அங்கீகாரம் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் பள்ளி நிற்கும் என்று பெரிய டீச்சர் நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லுவார்.

கிழமைக்கு ஒரு வேலை என்று நான் ஒரு அட்டவணை போட்டேன். திங்கள் கதை. செவ்வாய் வண்ணம். புதன் விளையாட்டு. வியாழன் களிமண். வெள்ளிக்கிழமை மேடை. மேடை என்றால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரு ஜமுக்காளம் விரிப்பது, அவ்வளவுதான். அந்த வாரம் படித்ததை ஒவ்வொரு பிள்ளையாக ஏறிச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து கொஞ்ச நேரம் வர முடிந்த அம்மாக்கள் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அட்டவணையைப் பெரிய காகிதத்தில் எழுதி, ஓரத்தில் பூப்போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அந்தக் காகிதத்தின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த வருடம் சேர்ந்தவர்களில் சித்ரா என்று ஒரு பெண். ஐந்து வயது. கெட்டிக்காரி. கதை சொன்னால் முதல் கேள்வி அவளுடையதாகத்தான் இருக்கும். ஆனால் அவளால் மெதுவாகப் பேச முடியாது. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கூரை அதிரத்தான் கேட்பாள். அது அடங்காத்தனம் என்று முதலில் நினைத்து இரண்டு தடவை அதட்டினேன். பிறகுதான் புரிந்தது. அவள் தொட்டில் குழந்தையாக இருந்ததிலிருந்து விசைத்தறிப் பட்டறையில் வளர்ந்தவள். இருபது தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் கத்தினால்தான் பசிக்குப் பால் கிடைக்கும். அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

அவள் அம்மா பாவாயிக்கு என் வயதுதான். ஒரு பட்டறையில் தார் சுற்றுகிற வேலை, அதாவது தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றித் தருவது. காலை ஆறு மணிக்குப் போனால் பொழுதோடுதான் திரும்புவாள். சித்ராவைக் காலையில் அவள் புருசன் கொண்டுவந்து விடுவான், மாலையில் அம்மா வரும் வரை அவள் ஆயாவோடு இருப்பாள். வருடக்கணக்கான தறிச் சத்தத்தில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்திப் பேசினால் தெளிவாகக் கேட்கும். அது எனக்குத் தெரியும், எப்போதும் அப்படியே பேசுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் தினத்துக்குப் பெரிய மனிதர்கள் சிலரை அழைத்திருந்தோம். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். சித்ராவின் குரல் மற்ற ஏழு குரல்களையும் மூழ்கடித்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாட்டை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. சிரிப்பு இன்னும் கூடியது. நான் போய் அவளைத் தூக்கி வந்தேன். சன்னலுக்கு வெளியே நின்றிருந்த பாவாயி விழா முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு மெதுவாப் பேச வருமுங்களா?"

"வரும். நான் வர வைக்கிறேன்," என்றேன்.

அதைச் செய்யவும் செய்தேன். பட்டம் செய்கிற மெல்லிய காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு பிள்ளையும் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும், காகிதம் ஆடாமல் பேச வேண்டும் என்று புதன்கிழமைக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டு. சித்ராவுக்கு அது போராட்டம். தன் பெயரைச் சொன்னாலே காகிதம் பறந்து போய்விடும். ஓடிப்போய் எடுத்து வருவாள், மறுபடி பிடிப்பாள். ஒரு நாளும் அழவில்லை. தை மாதம் பிறந்தபோது "எம்பேரு சித்ரா" என்று காகிதம் ஆடாமல் சொன்னாள். மாசி வருவதற்குள் ஒரு பாட்டில் பாதி பாட முடிந்தது. பாதிக்கு மேல் சந்தோஷம் தாங்காமல் கத்திவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அங்கீகாரத்துக்காக அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை. மேடை நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தாராம். பள்ளிக்கு வெள்ளையடித்தோம். பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிட்டோம். நான் அட்டவணையைப் புதுக் காகிதத்தில் மறுபடி எழுதினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்தப் பெண் வேண்டாம்."

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. "இப்ப நல்லாப் பேசறா டீச்சர்," என்றேன்.

"பாதி வரைக்கும். அப்புறம்? நவம்பர்ல நடந்தது அதிகாரி முன்னாடி நடந்தா என்ன பண்றது? நாப்பது பிள்ளைகளோட பள்ளிக்கூடம் இது. ஒரு பிள்ளைக்காக அதைப் பணயம் வைக்க முடியுமா?"

"மேடைக்கு ஏத்தாம ஆயாவோட அடுக்களையில உக்கார வச்சிடறேன்."

"அந்தக் குரல் அடுக்களைக்குள்ள இருந்தாலும் வெளியில கேக்கும். அவ அம்மாகிட்ட நாளைக்கு லீவுன்னு சொல்லிடு. ஒரு நாள்தானே."

பெரிய டீச்சர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார். பாடம் நடத்துவதில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துக் கற்றதுதான். நாற்பது பிள்ளைகள் என்று அவர் சொன்னதும் உண்மைதான். என் வேலையும் நிரந்தரமாகியிருக்கவில்லை. பயந்துதான் ஒத்துக்கொண்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. என் அட்டவணையை, என் வெள்ளிக்கிழமை மேடையை அந்த அதிகாரி ஒரு பிசிறும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை. சித்ரா இல்லாவிட்டால் நன்றாக நடக்கும் என்று எனக்கும் தோன்றியது.

பொழுதோடு பாவாயி வந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. சித்ராவின் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, எப்போதும் போல முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்திச் சொன்னேன்.

"நாளைக்கு லீவும்மா. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

அவள் உடனே போகவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் போல நின்றாள். பிறகு கேட்டாள்.

"எல்லாருக்குமுங்களா டீச்சர்?"

சந்தேகப்பட்டு அவள் அப்படிக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் அங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்று யோசித்திருப்பாள். இதுவும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததெல்லாம் இவள் சீக்கிரம் போக வேண்டும் என்பதுதான்.

"ஆமா, எல்லாருக்கும்தான்," என்றேன்.

"சரிங்க டீச்சர், வாரேனுங்க," என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

உங்களில் சிலருக்கு இது அற்பமாகத் தெரியலாம். எனக்கும் அன்று அப்படித்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி பிரமாதமாக நடந்தது. பிள்ளைகள் ஒரே குரலில், மெதுவாக, அழகாகப் பாடினார்கள். அதிகாரி அட்டவணைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். யார் எழுதியது என்று கேட்டார். பெரிய டீச்சர் என்னைக் கைகாட்டினார். மாவட்டத்திலேயே இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லையாம். அவர் போன பிறகு ஆயா கேசரி கிளறினாள். பிள்ளைகளுக்கு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தோம். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதே நேரத்தில் நடந்ததை எனக்கு மாலையில் ஆயாதான் வந்து சொன்னாள்.

பாவாயியின் மாமியார் கடலைக்காட்டுக் கூலிக்குப் போகிறவர். விடியும்போதே கிளம்பிவிட்டார். புருசன் முருகேசன் வேறொரு பட்டறையில் இரவு ஷிப்டு தறி ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குவான். அவனுடன் சித்ராவை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் இவள் வாயைத் திறந்தால் அவன் தூக்கம் போய்விடும். தூக்கமில்லாமல் ராத்திரித் தறிக்குப் போனால் கை தறிக்குள் போய்விடும். பக்கத்து வீட்டுக் கதவும் அந்த நேரத்தில் திறந்திருக்கவில்லை. அதனால் பாவாயி ஆறு மணிக்குப் பிள்ளையையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தன் காலடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்திருக்கிறாள்.

தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு இப்படியும் அப்படியும் பாய்ந்து ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். எப்போதாவது அது தடம் தவறித் தறியை விட்டே தெறித்துப் போகும். பெரியவர்களாக இருந்தால் இடுப்பில் படும், தொடையில் படும். சித்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வலது கண்ணுங்க," என்றாள் ஆயா. "சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்," என்று மட்டும் சொன்னார்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரம். பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே பாவாயியும் அவள் மாமியாரும் முருகேசனும் நின்றார்கள். சித்ராவைக் கூட்டி வரவில்லை. சத்தம் கேட்டுத் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பெரிய டீச்சரும் நானும் கேட்டருகே போனோம்.

மாமியார்தான் பேசினார். "ஏனுங்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கோடம் இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"இருந்துச்சு," என்றார் பெரிய டீச்சர். வேறு எப்படிச் சொல்ல முடியும்? அதிகாரி வந்து போனது ஊருக்கே தெரியும்.

"கேட்டியாடா?" என்று மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "தெருப் புள்ளைக எல்லாம் சட்டை போட்டுட்டு வந்துருக்குதுங்க. இவ மட்டும் லீவுன்னு புள்ளையத் தறிக்கு இழுத்துட்டுப் போயிருக்கறா."

"டீச்சர் சொன்னாங்க அத்தை," என்றாள் பாவாயி. என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டே இல்லை. உதவிக்கு ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதிதான் இருந்தது. "சொல்லுங்க டீச்சர். நீங்கதானுங்க லீவுன்னு சொன்னீங்க. எல்லாருக்கும்னு சொன்னீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கீகாரக் கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் என் வாயில் வந்ததை அப்படியே உங்களிடம் சொல்கிறேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

"நான் திங்கக்கிழமையைப் பத்தி என்னமோ சொன்னேன். அவங்களுக்குச் சரியாக் காதுல விழலையோ என்னமோ," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. அவள் காது மந்தம் என்று ஊருக்கே தெரியும். நம்புவதற்கு அதைவிட வசதியான காரணம் வேறு கிடைத்திருக்காது.

"காது செவிடு சரி, கண்ணுமாடி குருடு?" என்றார் மாமியார். "வழியில எத்தன புள்ளைக போயிருக்கும்?"

ஆறு மணிக்கு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்று கேட்க அங்கே யாருமில்லை. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் கத்துவாள், என் மேல் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் செய்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவள் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பிடியும் இருக்குமுங்க," என்றாள் மெதுவாக. "எனக்குத்தான் கேக்கலையாட்டம் இருக்குது."

என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பிள்ளைக்கு மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுத்த டீச்சர் பொய் சொல்லுவாள் என்று நினைப்பதைவிட, தன் காது பொய் சொல்லிவிட்டது என்று நினைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு பெரிய டீச்சர் என்னை அறைக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நீ இல்லைன்னு சொல்லலை. காதுல விழலையோ என்னமோன்னுதான் சொன்னே. மனசுல போட்டுக்காதே," என்றார். அடுத்த மாதம் அங்கீகாரம் வந்தது. ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். புது வருடத்துப் பதிவேட்டில் சித்ராவின் பெயர் இல்லை. அந்தப் பதிவேட்டை எழுதியதும் நான்தான்.

ஆடி மாதம் என்று நினைக்கிறேன். அரிசி களைந்துகொண்டே ஆயா பேச்சுவாக்கில் சொன்னாள். "அந்தப் பாவாயியப் பொறந்த ஊட்டுக்கே அனுப்பிட்டாங்களாம் டீச்சர். மேச்சேரிப் பக்கம். காது கேக்காதவள வெச்சுக்கிட்டா நாளைக்கு இன்னொண்ணு பொறந்தாலும் இதே கதிதான்னு மாமியாக்காரி ஒரே புடியா நின்னுட்டாளாம்."

காது கேக்காதவள். அந்தப் பெயரை அவளுக்குச் சூட்டியவள் நான். அதைக் கேட்ட அன்றே உண்மையைச் சொல்ல நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. ஆயுத பூஜை வந்தது, குழந்தைகள் தினம் வந்தது, பொங்கல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தோரணம் வெட்டினேன், பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மேடை நடந்தது. வேறு ஊர்களிலிருந்து டீச்சர்கள் வந்து என் அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். புதன்கிழமைக் காகித விளையாட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைத்தேன். ஏன் எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மறு வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை பாவாயியைப் பார்க்கப் போனேன். திடீரென்று தைரியம் வந்துவிடவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணமாகி இதையும் சுமந்துகொண்டு போக வேண்டுமே என்ற சுயநலம்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றியது.

மேச்சேரியில் இறங்கி விசாரித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தேன். பாவாயியின் அண்ணன் வேறொருவருடைய செம்மறி ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு ஒத்தாசையாக இருந்தாள். பட்டிக்குப் பக்கத்தில் இருந்த சித்ராதான் என்னை முதலில் பார்த்தாள். வலது இமை மூடிக் குழிந்திருந்தது. தலையை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பித்தான் பார்த்தாள். பார்த்ததும் பழைய குரலில், காடெல்லாம் கேட்க, "அம்மா, டீச்சர் வந்திருக்காங்க" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாவாயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சித்ரா பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டேன்.

"அனுப்புலீங்க. புள்ளைக கேலி பேசுதுங்க," என்றாள்.

சித்ரா ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கம் போகும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "பாவாயி, உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. லீவுன்னு நான்தான் சொன்னேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. முகத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன்.

என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "எல்லாருக்குமுங்களான்னு நான் கேட்டேனுங்களா?"

"கேட்டீங்க."

"நீங்க ஆமான்னீங்க."

"ஆமா."

"அப்ப எனக்குக் கேட்டுருக்குது," என்றாள் தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரு வருசமுங்க டீச்சர். அவ மொகத்தப் பாக்கறப்பல்லாம் இந்தக் காதுல நானே அடிச்சுக்குவேன். எங்கண்ணன் வந்து கையப் புடிச்சுக்கும்."

மன்னித்துவிடுங்கள் என்ற சொல்லைப் பஸ்ஸில் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஆட்டுப் பட்டியைப் பார்த்தபடி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகத்தில் ஏதோ தெளிவு வந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தபோதுதான் நான் நிஜமாகவே பயந்தேன்.

"டீச்சர், இத என்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. அவருகிட்டச் சொல்லோணும். எங்க மாமியா எப்பிடியோ, அவரு நெம்ப நல்லவருங்க. தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"சொல்லிப்போட்டு, அவரு என்ன சொன்னாருன்னு ஒரு எட்டு வந்து எனக்குச் சொல்லிட்டுப் போங்க."

"வர்றேன்," என்றேன்.

திங்கட்கிழமை மாலை பள்ளி விட்டதும் முருகேசன் வீட்டுக்குப் போனேன். ஒரே ஊர்தான், ஆனால் அந்தத் தெருப் பக்கம் நான் போவதே இல்லை. வாசலில் புதிதாக வாழை மரம் கட்டிய கயிறு இன்னும் தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று இருந்தது. யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

முருகேசன் அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தான். அந்தப் பெண் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி வந்தது, நான் லீவு என்று சொன்னது, அவள் கேட்டது, கேட்டருகே நான் பேசியது. எதையும் விடவில்லை.

அவன் குரலை உயர்த்தவில்லை. படியில் உட்கார்ந்தான். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"இத அன்னிக்கு அந்தக் கேட்டுக்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா அவள நான் அனுப்பியிருக்க மாட்டேனுங்க," என்றான். "போன மாசம் வந்து சொல்லியிருந்தாக்கூட..."

நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் கதவை மெதுவாகச் சாத்தினார்கள்.

டீச்சர் வேலையை நான் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல் பக்கம் வேறொரு பள்ளிக்குப் போனேன். அங்கேயும் வெள்ளிக்கிழமை மேடை வைத்தேன். அதிகாரிகள் எத்தனையோ தடவை வந்தார்கள். ஒரு பிள்ளையைக்கூட அதற்காக நான் வீட்டில் நிறுத்தியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சித்ராவுக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். ஆண்டு விழாவோ ஆய்வோ, ஏதோ ஒன்றுக்கு முன்னால் ஒரு பிள்ளை வேண்டாம் என்று யாராவது நியாயமான குரலில் உங்களிடம் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லும் காரணமும் சரியாகவே இருக்கும். முடிந்தால் மறுத்துவிடுங்கள். முடியாவிட்டால், உங்கள் பிள்ளையை நாளைக்கு எங்களுக்கு வேண்டாம் என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் உங்களைத் திட்டட்டும், கேட்டருகே நின்று சண்டை போடட்டும். பிள்ளையை எங்கே விடலாம் என்று முடிவு செய்ய அவருக்கு உண்மை வேண்டும். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒரு நாள் பள்ளிக்கூடத்தை மட்டும் அல்ல. எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை.

பாவாயியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? முருகேசன் சொன்னதை எடுத்துக்கொண்டு அவளிடம் போக வேண்டும். உன் புருசன் நல்லவன்தான், உண்மை தெரிந்திருந்தால் உன்னை அனுப்பியிருக்க மாட்டான், ஆனால் இப்போது அந்த வீட்டில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தி, அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை மேச்சேரி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறலீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.